ஏணியும் தளமும்: பின்தங்கிய மாணவருக்கான அரச நிதி பற்றிய ஒரு விமர்சன நோக்கு

இலங்கையின் இலவசக் கல்வி பற்றி எழுதப்பட்டனவும் பேசப்பட்டனவும் மிகப் பல. அவற்றுட் பெரும்பாலானவை பாராட்டுரைகள். எஞ்சியவை, அவ்வரிய உரிமை சிறிது சிறிதாகப் பறிபோகின்றது என்னும் கவலையுரைகள். இவ்விரு வகையினவற்றுக்கும் பொதுவான ஒரு குறைபாடு உண்டு. பாடசாலையின் கதவு திறந்திருக்கின்றதா என்பதையே இரண்டும் வினவுகின்றன. திறந்த கதவினூடாக உட்சென்ற பிள்ளை அங்கு எத்தனை ஆண்டுகள் நிலைத்தது, எதனைக் கற்றது, எக்கட்டத்தில், எக்காரணத்தால் வெளியேறியது என்னும் வினாக்கள் இரண்டாம் இடத்தையே பெறுகின்றன. ஆயினும் ஒரு கல்வி முறையின் தராதரத்தை அளவிட உதவுவன இவ்வினாக்களே.

வறுமை, பாடசாலையின் தொலைவு, போரினால் ஏற்பட்ட இடப்பெயர்வு, வீட்டில் எழுத்தறிவுச் சூழல் இன்மை, தகுதிபெற்ற ஆசிரியர் இன்மை ஆகியவற்றுள் ஒன்றாலோ பலவாலோ கல்வியை இடைநிறுத்த நேரிடும் மாணவரைப் 'பின்தங்கிய மாணவர்' எனக் குறிப்பிடுதல் வழக்கு. இச்சொல்லே ஆராயற்பாலது. பின்தங்கியோர் எனின் வினைமுதல் மாணவரே. பின்தள்ளப்பட்டோர் எனின், தள்ளியது யாது என்று தேட வேண்டியதாகின்றது. அரசின் நிதி ஒதுக்கீடுகள் முதற் சொல்லை அடிப்படையாகக் கொண்டனவா, இரண்டாவதை அடிப்படையாகக் கொண்டனவா என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருளாகும்.

ஏணியின் தோற்றம்

1931ஆம் ஆண்டில் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்ட பின்னர், வாக்குரிமை பெற்ற மக்களின் பிள்ளைகளுக்குக் கல்வியை மறுத்தல் அரசியல் ரீதியில் இயலாத காரியமாயிற்று. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் தலைமையில் இயங்கிய விசேட கல்விக் குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதுவரை, பதவிக்கும் உயர்தொழிலுக்கும் வழிகாட்டிய ஆங்கிலக் கல்வி கட்டணம் செலுத்த வல்லோரின் உடைமையாக இருந்தது. சுயமொழிப் பாடசாலைகளிற் கட்டணம் இல்லை. ஆயின் அவற்றிற் கற்றோருக்கு மேற்செல்லும் பாதையும் இல்லை. இப்பாதையை அமைக்கும் பொருட்டே நகரங்களுக்கு வெளியே மத்திய மகா வித்தியாலயங்கள் நிறுவப்பட்டன. கன்னங்கரா அவர்களின் பதவிக் காலம் 1947இல் முடிவுற்றபோது அவற்றின் தொகை 54 எனக் கூறப்படும். கிராமப் பாடசாலைகளில் ஐந்தாம் வகுப்புவரை கற்ற வறிய, திறமை மிக்க பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து, விடுதி வசதியுடன் அங்கு கற்பித்தற்கு ஏற்படுத்தப்பட்டதே புலமைப்பரிசிற் பரீட்சை.

இதன் வரலாற்று முக்கியத்துவத்தைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. விவசாயியின் மகன் வைத்தியனாகவும், கைவினைஞனின் மகள் ஆசிரியையாகவும் உயர்ந்தமைக்கு இவ்வேற்பாடு பெருங் காரணமாயிற்று. ஆயினும் இதன் உள்ளியல்பு தெளிவாக நோக்கப்படல் வேண்டும். இஃது ஓர் ஏணி. ஏணியில் ஏறுவோர் சிலர். அதனைச் சுற்றி நிற்போர் பலர். திறமை மிக்க பிள்ளையைக் கிராமப் பாடசாலையிலிருந்து வெளியே எடுக்க அரசு செலவிட்டது. அப்பிள்ளை விட்டுச் சென்ற பாடசாலையைத் திருத்துதற்கு அதே அளவு ஊக்கம் காட்டப்படவில்லை. மேலும், தன் சிறந்த மாணவரை ஆண்டுதோறும் இழக்கும் பாடசாலை, தன்மீது பெற்றோர் கொண்ட நம்பிக்கையையும் இழக்கின்றது. சிறந்தோரை மீட்டலும் ஏனையோரைக் கைவிடலும் ஒரே செயலின் இரு பக்கங்களாயின.

காலப்போக்கில் இப்பரீட்சையின் நோக்கமும் திரிபுற்றது. அண்மைக் காலத்தில் ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வெட்டுப்புள்ளிக்குக் கீழேயே நிற்கின்றனர். வெட்டுப்புள்ளியைக் கடந்தோருள்ளும் குறைந்த வருமானமுடைய குடும்பத்தினரே உதவித்தொகை பெறுவர். அத்தொகை நெடுங்காலம் மாதம் 500 ரூபாவாக இருந்து பின்னர் 750 ரூபாவாக உயர்த்தப்பட்டது. இத்தொகைக்காக நாடு முழுவதும் இத்துணைப் பதற்றம் கொள்வதில்லை. புகழ்பெற்ற பாடசாலை ஒன்றில் ஆறாந் தரத்துக்கு அநுமதி பெறுவதே பெரும்பாலான பெற்றோரின் குறிக்கோள். அதற்காகப் பத்து வயது நிரம்பாப் பிள்ளைகள் தனியார் வகுப்புகளுக்கு அனுப்பப்படுகின்றனர். அவ்வகுப்புகளுக்குப் பணம் வேண்டும். வறியோருக்கென ஆக்கப்பட்ட ஏணியின் முதற்படியிலேயே கட்டணம் அறவிடப்படும் நிலை இவ்வாறு தோன்றியுள்ளது.

சமமான கொடை, சமமற்ற தளம்

தெரிவுக்கு உட்படாத, எல்லார்க்கும் பொதுவான உதவிகளும் அரசினால் வழங்கப்பட்டுள்ளன என்பதை மறத்தலாகாது. 1980ஆம் ஆண்டு முதல் இலவசப் பாடநூல்கள் வழங்கப்படுகின்றன. 1989இல் மதிய உணவுத் திட்டமும், 1993இல் இலவசச் சீருடைத் திட்டமும் தொடங்கப்பெற்றன. உணவுத் திட்டம் பின்னர் பலமுறை உருமாறியது. பாடநூலும் சீருடையும் நிலைபெற்றன. சீருடை இல்லாமையால் வீட்டில் தங்கிய பிள்ளைக்கு அது வெறுந் துணியன்று. பாடசாலைக்குட் செல்வதற்கான அநுமதிச் சீட்டு.

எனினும் இவ்வுதவிகளின் தருக்கம் சமமான பங்கீடு என்பதாகும். கொழும்பின் புகழ்பெற்ற பாடசாலை மாணவனுக்கும் பதுளைத் தோட்டமொன்றின் மாணவிக்கும் ஒரே நூலே கிடைக்கின்றது. நூல் ஒன்றே, அதனை விளக்கிக் கற்பிக்கும் ஆசிரியர், அதனை வாசிக்க உதவும் மின்னொளி, அதனைக் கொண்டுசெல்லும் பாதை ஆகியன ஒன்றல்ல. சமமற்ற தளத்தின்மீது சமமான கொடையை வைக்கும்போது தளத்தின் ஏற்றத்தாழ்வு அப்படியே நிலைபெறுகின்றது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டு இணையவழிக் கற்பித்தல் நடைபெற்றபோது இவ்வேற்றத்தாழ்வு அனைவரது கண்ணுக்கும் புலனாயிற்று. பாடம் எல்லார்க்கும் பொதுவாகவே இருந்தது. தொலைபேசியும் அலைத்தொடர்பும் இல்லாத வீடுகளுக்கு அது சென்றடையவில்லை.

இலவசக் கல்வி எனப்படுவதன் இலவசத்தன்மையும் பாடசாலைக்குப் பாடசாலை வேறுபடுகின்றது. அரசு தரும் பணம் போதாதபோது, அபிவிருத்திச் சங்கம், பழைய மாணவர் சங்கம் ஆகியவற்றின் வாயிலாகப் பணம் திரட்டப்படுகின்றது. வசதி மிக்க பெற்றோரைக் கொண்ட பாடசாலை இவ்வகையில் மண்டபமும் ஆய்வுகூடமும் பெறும். கூலி உழைப்பாளரின் பிள்ளைகள் கற்கும் பாடசாலை சுண்ணக்கட்டிக்கும் அல்லற்படும். இங்ஙனம், சேர்க்கப்பட்ட தனியார் பணத்தையும் கூட்டி நோக்குமிடத்து, தேவை மிகுந்த பாடசாலைக்குக் குறைவாகவும் தேவை குறைந்த பாடசாலைக்கு மிகுதியாகவும் வளங்கள் சேர்வதைக் காணலாம்.

மலையகத்தின் சாட்சியம்

பின்தள்ளப்பட்டோர் என்னும் சொல்லின் முழுப் பொருளையும் உணர்த்துவது பெருந்தோட்டப் பாடசாலைகளின் வரலாறு. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. பிள்ளையின் உழைப்பால் இலாபம் பெறுவோரிடமே பிள்ளையின் கல்வி ஒப்படைக்கப்பட்டது எனலாம். ஓரறை, ஓராசிரியர் என்ற நிலையில் அப்பாடசாலைகள் இயங்கின. 1948இல் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றோராக்கியது. வாக்கில்லாதோரின் பாடசாலைபற்றிப் பாராளுமன்றத்திற் குரலெழுப்ப வேண்டிய தேவை எவருக்கும் இல்லாதுபோயிற்று. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு சுவீகரித்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறம்பாகவே விடப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களாற் தோட்டங்கள் அரசுடைமையாகிய பின்னரே இப்பாடசாலைகள் படிப்படியாக அரச முறைமைக்குள் வந்தன. ஏனைய பிள்ளைகளுக்கு 1945இல் திறந்த கதவு, இப்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் தாமதித்தே திறக்கப்பட்டது.

அதன் பின்னர் இப்பாடசாலைகளுக்கென விசேட திட்டங்கள் வந்தன. 1980களில் தொடங்கிய சுவீடன் நாட்டு உதவியினால் கட்டடங்கள் எழுந்தன. ஜேர்மன் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. இவற்றின் பயனை மலையகத்தின் இன்றைய ஆசிரியர் தொகுதியிற் காணலாம். ஆயினும் ஓர் உண்மை மனங்கொள்ளத்தக்கது. நகரப் பாடசாலையின் கட்டடம் அரசின் வருடாந்த வரவு செலவுத் திட்டத்திலிருந்து எழுந்தது. தோட்டப் பாடசாலையின் கட்டடம் பெருமளவு வெளிநாட்டு நன்கொடையில் எழுந்தது. முன்னையது உரிமையாகவும் பின்னையது திட்டமாகவும் அமைந்தன. திட்டத்துக்கு முடிவுத் திகதி உண்டு, உரிமைக்கு அஃதில்லை.

ஆசிரியர் நியமனத்திலும் இதே மனப்பாங்கு தொடர்ந்தது. 2010களின் நடுப்பகுதியிற் பெருந்தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்ப, மூவாயிரம் அளவிலான இளைஞரும் யுவதிகளும் 'ஆசிரிய உதவியாளர்' என்னும் பெயரில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். அவர்களுக்கு முதலில் மாதம் 6,000 ரூபாவும் பின்னர் 10,000 ரூபாவும் கொடுப்பனவாக வழங்கப்பட்டன. மிகக் கடினமான கற்பித்தற் பணி, மிகக் குறைந்த ஊதியம் பெறுவோரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்விளைஞரின் அர்ப்பணிப்பை ஐயுறுவதற்கில்லை. அவர்களது அர்ப்பணிப்பை மலிவான நிதியாகப் பயன்படுத்திய கொள்கையே கண்டனத்துக்குரியது.

சூத்திரமும் சம்பளப் பட்டியலும்

2000ஆம் ஆண்டளவில் பாடசாலைகளின் கற்றல் தர உள்ளீடுகளுக்கான நிதியைச் சூத்திர அடிப்படையிற் பகிரும் முறை கொண்டுவரப்பட்டது. மாணவர் தொகையைக் கணித்து, சிறிய பாடசாலைகளுக்குத் தலைக்குச் சற்றுக் கூடுதலாக வழங்குதல் அதன் நெறி. அதிகாரிகளின் விருப்பு வெறுப்புக்கும் அரசியற் செல்வாக்குக்கும் அப்பால், தேவையே அளவுகோலாக வேண்டும் என்னும் கருத்து இதனால் நிருவாக மொழியில் இடம்பெற்றது. இது வரவேற்கத்தக்க மாற்றம்.

எனினும் சூத்திரம் ஆட்சி செய்த பரப்பு மிகச் சிறியது. பாடசாலைக் கல்விக்கான மீண்டெழும் செலவின் மிகப் பெரும் பகுதி ஆசிரியர் சம்பளமாகும். ஆதலால் அரசின் பணம் உண்மையில் எங்குச் செல்கின்றது என்பதை அறிய விரும்புவோர் உதவித் திட்டங்களை நோக்குதல் போதாது. அநுபவமும் தகைமையும் மிக்க ஆசிரியர் எங்கு பணியாற்றுகின்றனர் என்பதை நோக்குதல் வேண்டும். கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்னும் பாகுபாடுகள் உள. ஆனால் அப்பிரதேசச் சேவை ஆசிரியர் பலரால் விரைவிற் கழிக்கவேண்டிய ஒரு கடனாகவே கருதப்படுகின்றது. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியரற்ற வன்னிப் பாடசாலையும், அப்பாடங்களுக்கு மேலதிக ஆசிரியரைக் கொண்ட நகரப் பாடசாலையும் ஒரே நாட்டில் உள்ளன. ஆசிரியர் இல்லாத பாடசாலைக்குச் செலவிடப்படாத சம்பளம், அப்பிள்ளைகளிடமிருந்து எடுக்கப்பட்ட பணமே. இது எந்த வரவு செலவுக் கணக்கிலும் இழப்பு எனப் பதியப்படுவதில்லை.

நாட்டின் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரச பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானப் பிரிவையுடைய 1ஏபி வகையின ஏறத்தாழப் பத்தில் ஒன்றே என்பதையும் இத்துடன் சேர்த்து நோக்குதல் தகும். எத்திறமை இருப்பினும், விஞ்ஞான வகுப்பே இல்லாத பாடசாலையின் மாணவி வைத்தியராவதற்கு முதலில் ஊர் மாற வேண்டும். அதற்கான செலவைக் குடும்பமே ஏற்க வேண்டும்.

பிறநாட்டு அநுபவம்

தேவை மிகுந்த மாணவருக்குக் கூடுதலாகச் செலவிடுதல் என்னும் கோட்பாடு இங்கு மட்டும் விவாதிக்கப்பட்டதன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டின் ஆரம்ப, இடைநிலைக் கல்விச் சட்டம் அதன் முதலாம் பிரிவின் கீழ் வறிய பிள்ளைகள் செறிந்த பகுதிகளுக்குக் கூட்டாட்சி நிதியை ஒதுக்கியது. இங்கிலாந்தில் 1967இல் வெளியான பிளவுடன் குழு அறிக்கை கல்வி முன்னுரிமைப் பிரதேசங்களை இனங்காணுமாறு விதந்துரைத்தது. இவ்வநுபவங்கள் இரு பாடங்களை உணர்த்துகின்றன.

முதலாவது, கூடுதல் நிதி உண்மையிற் கூடுதலாகவே அமைதல் வேண்டும். அமெரிக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்த நான்கு ஆண்டுகளின் பின், 1969இல் ரூபி மார்ட்டின், ஃபிலிஸ் மக்லூர் ஆகியோர் தயாரித்த அறிக்கை, வறிய பிள்ளைகளுக்கென வந்த பணம் வேறு வழிகளிற் செலவிடப்பட்டமையை வெளிப்படுத்தியது. வழக்கமாகச் செலவிட வேண்டிய பணத்தை விலக்கிக்கொண்டு, அதனிடத்தில் விசேட நிதியை வைத்தல் உதவியாகாது. இலங்கையில் வெளிநாட்டு நிதித் திட்டங்களை மதிப்பிடும்போதும் இவ்வளவுகோலையே பயன்படுத்துதல் வேண்டும்.

இரண்டாவது பாடம் கருத்தியல் சார்ந்தது. பாசில் பேர்ன்ஸ்ரைன் 1970இல் எழுதிய கட்டுரையில், 'ஈடுசெய் கல்வி' என்னும் தொடரே கவனத்தைத் திசைதிருப்புவது என வாதித்தார். அத்தொடர் பிள்ளையிடமும் குடும்பத்திடமும் ஏதோ குறைவுண்டு எனக் கொள்கின்றது. அப்பிள்ளைக்கு முதலிலேயே தகுந்த கல்விச் சூழல் வழங்கப்பட்டதா என்னும் வினாவை அது மறைக்கின்றது. முழுமையாக வழங்கப்படாத ஒன்றுக்கு ஈடு செய்வதாகக் கூறுதல் முரண்பாடே. மலையகத்தின் வரலாற்றை அறிந்தோருக்கு இவ்வாதத்தின் வலிமை விளக்கமின்றியே புலப்படும்.

மறுப்புரைகள்

இந்நிலைப்பாட்டுக்கு எதிராக மூன்று வாதங்கள் முன்வைக்கப்படுவதுண்டு. நாட்டிற் பணமில்லை என்பது முதலாவது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் இவ்வாதம் வலுப்பெற்றுள்ளது. ஆனால் நெருக்கடிக்கு முன்னரும் கல்விக்கான ஒதுக்கீடு நீண்ட காலம் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் இரண்டு சதவீதத்தை ஒட்டியே இருந்தது. பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் 2012இல் ஆறு சதவீதம் கோரிப் போராட நேர்ந்தமையும் இக்காரணம் பற்றியே. பணம் குறைவெனின் அதனை யாருக்கு முதலிற் கொடுப்பது என்னும் வினா மேலும் கூர்மையடைகின்றது, மறைந்துவிடுவதில்லை.

வறுமையே அடிப்படைக் காரணமாதலின் பாடசாலையால் ஆவதொன்றில்லை என்பது இரண்டாவது. வர்க்க வேறுபாடுகளைப் பாடசாலை தனித்து அழித்துவிடாது என்பது உண்மை. ஆயினும் வறிய பிள்ளைக்கு வறிய பாடசாலையை அளித்தல் வறுமையின் விளைவன்று, அரசின் தீர்மானம். அதனை அரசு மாற்ற முடியும்.

விசேட உதவி பெறும் பிள்ளை ஏளனத்துக்கு உள்ளாகும் என்பது மூன்றாவது. இவ்வாதத்தில் உண்மை உண்டு. வகுப்பில் எழுந்து நின்று வறுமையை நிரூபிக்கவேண்டிய பிள்ளை, உதவியுடன் அவமானத்தையும் பெறுகின்றது. ஆயின் இதற்கான பரிகாரம் உதவியை நிறுத்துவதன்று. தனிப் பிள்ளையை விடுத்துப் பாடசாலை முழுவதையும் உதவியின் அலகாகக் கொள்வதாகும். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நலன்புரி உதவி பெறும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கற்றல் உபகரணங்களுக்கென அறிவிக்கப்பட்ட 6,000 ரூபா, முந்நூறுக்குக் குறைந்த மாணவரையுடைய பாடசாலைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. தொகை சிறிது, ஒருமுறை உதவியும்கூட. ஆனால் பாடசாலையை அலகாகக் கொண்ட அந்நெறி கவனிக்கத்தக்கது.

பல்கலைக்கழக வாயில்

பின்தங்கிய நிலையை அரசு மிகத் தெளிவாக அங்கீகரிக்கும் இடம் பல்கலைக்கழக அநுமதியாகும். 1974இல் மாவட்ட அடிப்படை புகுத்தப்பட்டதிலிருந்து அதுபற்றி எழுந்த அரசியற் கசப்புகள் யாவரும் அறிந்தவை. தற்போதைய விதிப்படி 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. மாவட்டம் ஒரு சராசரி மட்டுமே. நுவரெலியா மாவட்டத்துக்குக் கிடைக்கும் சலுகையை, உயர்தர வகுப்புவரை செல்ல வாய்ப்புள்ள நகர மாணவர் பெறுவர். ஒன்பதாந் தரத்திற் கொழுந்து பறிக்கவோ கொழும்பின் கடைக்கோ வீட்டு வேலைக்கோ சென்ற பிள்ளையை அச்சலுகை தீண்டுவதில்லை. 1998 முதல் 14 வயதுவரையும் 2016 முதல் 16 வயதுவரையும் கல்வி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கட்டாயம் பெற்றோருக்கு விதிக்கப்பட்டது. அதற்கு இணையான கடப்பாடு அரசின் நிதியொதுக்கீட்டுக்கு விதிக்கப்படவில்லை.

1981இல் நிறுவப்பட்ட மகாபொல நிதியம் பல்கலைக்கழகத்தை அடைந்த வறிய மாணவருக்குப் பேருதவி புரிகின்றது. அதனைப் பெற்றோர் அதன் அருமையை அறிவர். ஆனால் அவ்வுதவித்தொகை புலமைப்பரிசில் பெற்ற பாடசாலைப் பிள்ளைக்குக் கிடைக்கும் தொகையினும் பன்மடங்கு பெரிது. புலமைப்பரிசில் பெறாத பிள்ளைக்கோ அத்தகைய தொடர்ச்சியான உதவி எதுவுமில்லை. ஏணியில் மேலேற மேலேற உதவி பெருகுகின்றது. விழும் ஆபத்து மிகுந்த கீழ்ப் படிகளில் அது சுருங்குகின்றது. நியாயத்தின்படி இவ்வொழுங்கு தலைகீழானது.

எனவே வேண்டற்பாலன எவை? ஒவ்வொரு பாடசாலைக்கும் அதன் மாணவரின் தேவை கணிக்கப்பட்டு, அதற்கேற்ற கூடுதல் நிதி ஆண்டுதோறும் சட்ட உரிமையாக ஒதுக்கப்படல் வேண்டும். கஷ்டப் பிரதேசப் பாடசாலையிற் பல்லாண்டு பணியாற்றும் தகைமையுள்ள ஆசிரியருக்கு, நகர ஆசிரியர் பொறாமை கொள்ளத்தக்க ஊதியமும் இருப்பிடமும் வழங்கப்படல் வேண்டும். பரிகாரக் கற்பித்தல் பரீட்சைக்கு முந்திய சில வாரங்களின் அவசர வேலையாக அன்றி, வாசிக்கக் கற்கும் முதலாண்டுகளிலேயே தொடங்கப்படல் வேண்டும். புலமைப்பரிசிலின் பயனை, எத்தனை பேரை வெளியே எடுத்தது என்பதனாலன்றி, எஞ்சியோரின் பாடசாலை எந்நிலையில் உள்ளது என்பதனாலும் மதிப்பிடல் வேண்டும்.

பல்கலைக்கழகத்திற் கற்போரும் கற்பிப்போரும் பெரும்பாலும் இவ்வேணியின் வழியே வந்தோர். ஏணியைப் போற்றுதல் அவர்களுக்கு இயல்பு. ஆனால் ஒவ்வொருவருடனும் முதலாந் தரத்தில் ஒரே வாங்கில் அமர்ந்திருந்த பிள்ளைகளுட் பலர் இங்கு வந்து சேரவில்லை. அவர்கள் அனைவரும் திறமை குன்றியோர் என்று கூற எவருக்கும் ஆதாரமில்லை. இலவசக் கல்வியைப் பாதுகாத்தல் என்னும் முழக்கம் அவர்களையும் உள்ளடக்கும்போதே அது முழுமையான பொருளைப் பெறும்.